அடிமனை யாருடையது? டூல்கிட்டுக்குத் திறமூல உரிமம் தேர்ந்தெடுத்தல்

கோயில் நிலத்தில் அடிமனை வாடகை கட்டிக் குடியிருக்கும் குடும்பங்களைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம். சுவரும் கூரையும் அவர்களுடையவை. நிலம் அவர்களுடையதல்ல. அன்றாடம் அதை யாரும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை. வீட்டை விற்கப் போகும்போதோ, வங்கியில் கடன் கேட்கப் போகும்போதோதான் அந்த வேறுபாடு முன்னால் வந்து நிற்கும்.

மென்பொருளில் டூல்கிட் எனப்படும் கருவித்தொகுப்புக்கும் அதன்மேல் எழுதப்படும் செயலிக்கும் உள்ள உறவு இதுதான். பொத்தான், பட்டியல், சாளரம், எழுத்துப்பெட்டி என்று எல்லாவற்றையும் டூல்கிட் தருகிறது. நிரலாளர் அதன்மேல் தன் வீட்டைக் கட்டுகிறார். ஆகவே ஒரு செயலிக்கு உரிமம், அதாவது அதை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற விதி, தேர்ந்தெடுப்பதையும் ஒரு டூல்கிட்டுக்கு உரிமம் தேர்ந்தெடுப்பதையும் ஒரே வேலையாக நினைப்பது பெரிய தவறு. செயலியின் உரிமம் பெரும்பாலும் அந்தச் செயலியோடு முடிந்துவிடும். டூல்கிட்டின் உரிமமோ, முகம் தெரியாத யாரோ இனிமேல் எழுதப்போகிற மென்பொருளையும் தொடும். 'எனக்கு எது பிடிக்கும்' என்று கேட்டு இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. 'என்மேல் கட்டப்போகிறவருக்கு எந்த நிலத்தைக் கொடுக்கிறேன்' என்பதுதான் கேள்வி.

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நல்ல சான்று க்யூட் என்ற டூல்கிட்டின் கதை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. அதற்குள் சுமார் முப்பது ஆண்டுச் சண்டையும் சமாதானமும் இருக்கின்றன.

நார்வேயைச் சேர்ந்த ஹாவார்ட் நோர்ட், எய்ரிக் சாம்பே-எங் என்ற இருவர் 1991இல் சி++ மொழியில் இதை எழுதத் தொடங்கினார்கள். 1994இல் நிறுவனம் அமைத்தார்கள். பின்னாளில் ட்ரால்டெக் என்ற பெயரில் அறியப்பட்டது அதுதான். 1995 மே மாதம் க்யூட் பொதுவெளிக்கு வந்தது. அன்றைய யூனிக்ஸ் உலகில் தரமான டூல்கிட் வேண்டுமென்றால் மோட்டிஃப் என்ற வணிக மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும். க்யூட் இரண்டு வழிகளைத் திறந்துவைத்தது. மூடிய மென்பொருள் எழுதுகிறவர்கள் பணம் கட்ட வேண்டும். யூனிக்ஸ், லினக்ஸில் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள், எழுதுகிறவர்களுக்கு இலவசம். ஆனால் அந்த இலவச உரிமத்தில் ஒரு முள் இருந்தது. க்யூட்டின் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வடிவத்தை, படிக்கலாம், பயன்படுத்தலாம். மாற்றி எழுதிய க்யூட்டைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது.

விலை பூஜ்யம்தான். ஆனாலும் அது கட்டற்ற மென்பொருள் ஆகவில்லை. இலவசம் என்பதும் சுதந்திரம் என்பதும் வேறு வேறு என்று எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. அது எப்படிக் கடிக்கும் என்பதை அடுத்து நடந்தது காட்டுகிறது.

1996 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிஹ், லினக்ஸுக்குச் சாதாரணப் பயனர்களும் புழங்கக்கூடிய ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். கேடிஇ பிறந்தது. அவர் அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டது க்யூட். தொழில்நுட்பக் கண்ணால் பார்த்தால் அந்த முடிவில் குறை சொல்ல இடமில்லை. அன்று கையில் கிடைத்தவற்றில் அதுதான் சிறந்தது. வேலை வேகமாக நடந்தது. 1998 ஜூலையில் கேடிஇ 1.0 வெளியானது.

சிக்கல், கேடிஇயின் சொந்த நிரல்கள் பெரும்பாலும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததில் தொடங்கியது. ஜிபிஎல் சொல்வதைச் சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: இந்த நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்றாலும் விற்றுக்கொள். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது சேர்ந்து இயங்கும் முழுமையையும் இதே விதியின்கீழ் மூலநிரலோடு கொடு. மேற்கொண்டு எந்தக் கட்டுப்பாட்டையும் நீ சேர்க்காதே. ஜிபிஎல் நிரலை க்யூட்டோடு இணைத்துப் பைனரியாக, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவில், கொடுத்தால் அந்த முழுமையில் க்யூட்டும் அடங்கும். க்யூட்டோ 'மாற்றியதைக் கொடுக்காதே' என்கிறது. இரண்டு உரிமங்களையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க வழியே இல்லை.

கேடிஇக்காரர்கள் தங்கள் நிரலைத் தாங்களே க்யூட்டோடு இணைத்துக் கொடுப்பதை மறைமுகச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். எழுதியவரே கொடுக்கிறாரே. ஆனால் வேறு யாரோ ஜிபிஎல்லில் எழுதி வைத்த நிரல்களையும் எடுத்துச் சேர்த்திருந்தார்கள். அந்த யாரோ, க்யூட்டோடு சேர்க்க அனுமதி தரவில்லை. லினக்ஸைத் தொகுத்து வழங்கும் டெபியன் குழு 1998 அக்டோபரில் கேடிஇயைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது இதனால்தான். பிடிவாதம் என்று அன்று பலர் சினந்தார்கள். என் கணிப்பில் டெபியன் செய்தது சரி. உரிமத்தை வசதிப்படும்போது படிப்பதும் வசதிப்படாதபோது மூடிவைப்பதும் கட்டற்ற மென்பொருளுக்கே உலை வைக்கும்.

இதற்கு முன்பே எதிர்வினை தொடங்கியிருந்தது. 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகெல் தே இகாசா, ஃபெதரிக்கோ மேனா இருவரும் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள். கேடிஇ மோசம் என்று அவர்கள் தொடங்கவில்லை. அதன் அடிமனை கட்டற்றதல்ல என்பதே முதற்காரணம். இன்னொரு பக்கம் ஹார்மனி என்ற திட்டம், க்யூட்டைப் போலவே இயங்கும் கட்டற்ற நகல் ஒன்றை எழுத முயன்றது. ஒரு டூல்கிட்டின் உரிமத்தில் இருந்த ஒரு தடை, உலகின் திறமையான நிரலாளர்கள் பலரை அதே வேலையை இரண்டாவது முறை செய்ய வைத்தது. அந்தப் பிளவு இன்றும் இருக்கிறது. லினக்ஸ் கணினி வாங்குகிறவர் க்னோமா கேடிஇயா என்று இப்போதும் தேர்ந்தெடுக்கிறார்.

க்னோம் எடுத்துக்கொண்ட அடித்தளம் ஜிடிகே. அதன் பிறப்பும் உரிமக் கதைதான். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் ஜிம்ப் என்ற படத்திருத்தச் செயலியை முதலில் மோட்டிஃபில்தான் எழுதினார்கள். செயலி கட்டற்றது. ஆனால் அதை ஒருவர் தொகுத்து எடுக்க வேண்டுமென்றால் மோட்டிஃபுக்குக் காசு கொடுத்திருக்க வேண்டும். மாட்டிஸ் மோட்டிஃபைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சொந்தமாக டூல்கிட் எழுதினார். ஜிம்புக்கான டூல்கிட் என்பதே ஜிடிகே என்ற பெயரின் விரிவு. அதற்கு வைத்த உரிமம் எல்ஜிபிஎல்.

ஜிபிஎல்லுக்கும் எல்ஜிபிஎல்லுக்கும் உள்ள வேறுபாடுதான் டூல்கிட் எழுதுகிறவருக்கு முதல் பாடம். மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பை லைப்ரரி என்பார்கள், டூல்கிட்டும் அதில் ஒரு வகை. எல்ஜிபிஎல் லைப்ரரிகளுக்கென்றே 1991இல் எழுதப்பட்டது. லைப்ரரியின் நிரலைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தை மூலநிரலோடு கொடுக்க வேண்டும். ஆனால் லைப்ரரியைக் கூப்பிட்டுப் பயன்படுத்தும் செயலி மூடிய மென்பொருளாக இருந்தாலும் தடையில்லை. ஒரே நிபந்தனை, பயனர் விரும்பினால் அந்த லைப்ரரியைத் தான் திருத்திய பதிப்பால் மாற்றிப் பொருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். நிலம் பொதுவில் இருக்கும், வீடு உன் விருப்பம் என்பது போல.

அந்த ஒரே நிபந்தனைதான் நடைமுறையில் பலரைத் தடுமாற வைக்கிறது. லைப்ரரியைத் தனிக்கோப்பாக வைத்து, செயலி ஓடும்போது இணைத்தால் சிக்கல் குறைவு. செயலியின் பைனரிக்குள்ளேயே பிசைந்துவிட்டால் பயனர் எப்படி மாற்றிப் பொருத்துவார்? லைப்ரரியோடு இணைப்பதற்கு முந்தைய நிலையிலுள்ள செயலியின் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது அவருக்குத் தர வேண்டியிருக்கும். இதனால்தான் டபிள்யுஎக்ஸ்விட்ஜெட்ஸ், எஃப்எல்டிகே போன்ற டூல்கிட்கள் எல்ஜிபிஎல்லை எடுத்துக்கொண்டு, 'பைனரியாகச் சேர்த்துக் கொடுத்தாலும் பரவாயில்லை' என்று ஒரு விதிவிலக்கை அதன் தலையில் எழுதி வைத்தன. சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு செயலியைத் தேதிக்குள் வெளியிட வேண்டிய நிரலாளருக்கு அந்த இரண்டு வரி பெரிய நிம்மதி.

ட்ரால்டெக் என்ன செய்தது

ஓஸ்லோவில் இருந்தவர்கள் இந்தக் கோபத்தை அலட்சியப்படுத்தவில்லை. 1998 ஜூனில் கேடிஇயோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். ஒப்பந்தத்தின் உயிர்நாடி இது: க்யூட்டின் கட்டற்ற பதிப்பைப் பன்னிரண்டு மாதங்களுக்கு நிறுவனம் வெளியிடாமல் போனால், கடைசியாக வந்த பதிப்பை பிஎஸ்டி போன்ற தளர்வான உரிமத்தில் வெளியிட அறக்கட்டளைக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் விற்கப்பட்டாலும் மூழ்கினாலும் ஒப்பந்தம் நிற்கும். நிர்வாகக் குழுவில் இரு தரப்புக்கும் சம இடம். வாக்கு சமமாகப் பிரிந்தால் கேடிஇ சொல்வதே முடிவு. முழுக் கதையிலும் மிகச் சிறந்த முடிவாக நான் மதிப்பது இதைத்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, 1998 நவம்பரில் ட்ரால்டெக் தானே ஓர் உரிமத்தை எழுதி அறிவித்தது. பெயர் க்யூபிஎல். 1999இல் வந்த க்யூட் 2.0 அந்த உரிமத்தில் வெளியானது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது. கட்டற்ற உரிமம் என்ற தகுதியும் அதற்குக் கிடைத்தது. ஆனால் திருத்தங்களை மூலநிரலில் கலக்காமல் தனிப் பேட்ச் கோப்புகளாகத்தான் கொடுக்க வேண்டும் என்றது. வெளியே விடாத துணை நிரல்களைக்கூட மூல நிறுவனம் கேட்டால் காட்ட வேண்டும் என்றது. வழக்கு வந்தால் ஓஸ்லோ நகர நீதிமன்றம் என்றது. ஜிபிஎல்லோடு பொருந்தவில்லை. ஆகவே கேடிஇயின் சிக்கல் அப்படியே நின்றது. கட்டற்ற இரண்டு உரிமங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம் என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அறிவுரை கறாரானது. சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். வழக்கறிஞர் வைத்து எழுதினாலும் எழுதாதீர்கள். உரிமத்தின் மதிப்பு அதன் வாசகத்தில் பாதிதான். மீதிப் பாதி, எத்தனை பேர் அதை ஏற்கனவே படித்துப் புரிந்து, எவற்றோடு பொருந்தும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

2000 செப்டம்பரில் க்யூட் 2.2, க்யூபிஎல்லோடு ஜிபிஎல்லிலும் கிடைக்கும் என்று ட்ரால்டெக் அறிவித்தது. சண்டையின் முதற்கட்டம் அன்றோடு முடிந்தது. டெபியனுக்குள் கேடிஇ திரும்பி வந்தது.

ஒரு நிறுவனம் தன் விலைபொருளை ஜிபிஎல்லில் கொடுத்தால் எப்படிப் பிழைக்கும் என்று கேட்கலாம். இரட்டை உரிமம் என்ற முறையின் நுட்பம் இங்கேதான். ஜிபிஎல்லில் வாங்கிக்கொண்டால் உன் செயலியும் ஜிபிஎல்லில்தான் வர வேண்டும். மூடிய செயலி எழுத வேண்டுமா, வணிக உரிமத்துக்குப் பணம் கட்டு. ஜிபிஎல் இங்கே சுதந்திரத்தையும் காக்கிறது, விற்பனைக்கும் வழிவிடுகிறது. எம்ஐடி போன்ற தளர்வான உரிமத்தில் வைத்திருந்தால் யாரும் பணம் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. நிரல் முழுவதன் பதிப்புரிமையும், அல்லது அதை வேறு உரிமத்தில் விற்கும் உரிமையும், ஒரே கையில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் நூறு வரி ஜிபிஎல்லில் எழுதிக் கொடுத்தால் அந்த நூறு வரியை வணிக உரிமத்தில் விற்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. ஆகவே பங்களிப்பவர் ஒவ்வொருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். நான் இலவசமாக எழுதிக் கொடுப்பதை நீ விற்பாய், நான் அப்படி விற்க முடியாது என்ற ஏற்றத்தாழ்வு அதற்குள் இருக்கிறது. இதை ஏற்காத நல்ல நிரலாளர்கள் உண்டு. அவர்கள் எழுதப்போகும் திருத்தங்களை இழக்கத் துணிந்தால்தான் இரட்டை உரிமத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வருமானம் எங்கே இருக்கிறதோ உரிமமும் அங்கே

ஜிபிஎல் க்யூட்டுக்கு நன்மை செய்த அதே ஆண்டில் வேறொன்றும் நடந்தது. சன், எச்பி, ஐபிஎம் போன்ற பெரிய நிறுவனங்கள் க்னோம் பக்கம் நின்றன. சன் தன் சோலாரிஸ் இயங்குதளத்துக்கு க்னோமையே டெஸ்க்டாப்பாக அறிவித்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் இடத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். என் இயங்குதளத்தில் மூடிய செயலி எழுத விரும்பும் ஒவ்வொருவரும் மூன்றாவது நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற நிலையை நான் ஏன் உண்டாக்க வேண்டும்? எல்ஜிபிஎல்லில் இருந்த ஜிடிகேயில் அந்தத் தடை இல்லை. நோக்கியாகூட 2005இல் கொண்டுவந்த தன் 770 இணையக் கைக்கணினியில் ஜிடிகேயைத்தான் வைத்தது.

அதே நோக்கியா 2008இல் சுமார் 15 கோடி டாலருக்கு ட்ரால்டெக்கை வாங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த க்யூட் 4.5, எல்ஜிபிஎல்லிலும் கிடைத்தது. எட்டரை ஆண்டு நடந்த விவாதத்தை ஒரு விற்பனை முடித்துவைத்தது. ட்ரால்டெக்குக்குச் சோறு போட்டது டூல்கிட் உரிமம், அதனால் அதற்கு ஜிபிஎல் தேவைப்பட்டது. நோக்கியாவுக்குச் சோறு போட்டது கைபேசி, டூல்கிட் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு அதற்கு நல்லது. ஒரு நிறுவனம் வைத்திருக்கும் உரிமத்தைப் படிக்கும்போது அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வருமானம் இடம் மாறினால் உரிமமும் மாறும்.

இதன் கிளைக்கதை ஒன்று பைத்தான் நிரலாளர்களுக்கு இன்றும் பயன்படும். பைத்தானிலிருந்து க்யூட்டைப் பயன்படுத்த பைக்யூட் என்ற இணைப்பு லைப்ரரி இருந்தது. ரிவர்பேங்க் என்ற நிறுவனம் அதை ஜிபிஎல்லிலும் வணிக உரிமத்திலும் கொடுத்தது. க்யூட் எல்ஜிபிஎல்லுக்கு வந்த பிறகும் பைக்யூட் ஜிபிஎல்லிலேயே இருந்தது. பேசிப் பார்த்தும் உடன்பாடு வரவில்லை என்பதால் நோக்கியா தரப்பு 2009இல் பைசைட் என்று இன்னொன்றையே எழுதி எல்ஜிபிஎல்லில் வெளியிட்டது. அடிமனை தளர்ந்தாலும் நடுவில் ஒரு அடுக்கு இறுக்கமாக இருந்தால் மேலே கட்டுகிறவருக்கு அந்த இறுக்கம்தான் கிடைக்கும். இன்று பைத்தானில் அலுவலகச் செயலி எழுதத் தொடங்கும் இளைஞர்கள் பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கையில் கிடைத்ததைப் பொருத்துகிறார்கள். நான் வேலை பார்த்த இடம் ஒன்றில், வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதற்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் இந்த வேறுபாடு கண்ணில் பட்டது. மூடிய செயலி, அடியில் ஜிபிஎல். நான்கு நாளும் தூங்காமல் மாற்றி எழுதினோம்.

நோக்கியா 2011இல் வேறு பாதையில் திரும்பியதும் க்யூட் ஃபின்லாந்தின் டிஜியா நிறுவனத்துக்குப் போனது. பிறகு 'க்யூட் கம்பெனி' என்று தனி நிறுவனமானது. மறுபடியும் டூல்கிட் விற்றுப் பிழைக்கும் நிறுவனம். உரிமமும் மறுபடி இறுகத் தொடங்கியது. 2016இல் வந்த 5.7 பதிப்போடு எல்ஜிபிஎல்லின் பழைய 2.1 பதிப்பு விலகி மூன்றாம் பதிப்பு மட்டும் நின்றது. மூன்றாம் பதிப்பில், பயனர் கையில் போகும் கருவிகளிலும் அவர் லைப்ரரியை மாற்றிப் பொருத்தி ஓட்ட முடிய வேண்டும், அதற்கான சாவியைப் பூட்டிவைக்கக் கூடாது என்ற விதி உண்டு. பயனரின் சுதந்திரத்துக்காக எழுதப்பட்ட நல்ல விதி. கார், தொலைக்காட்சி செய்கிறவர்கள் தங்கள் கருவியைப் பூட்டியே விற்க விரும்புவதால், அதே விதி அவர்களை வணிக உரிமத்தின் பக்கமும் தள்ளுகிறது.

2020 ஜனவரியில், நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இனி பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று நிறுவனம் அறிவித்தது. ஏப்ரலில் கேடிஇ தரப்பிலிருந்து பொதுவில் ஓர் எச்சரிக்கை வந்தது: எல்லா வெளியீடுகளையுமே முதல் பன்னிரண்டு மாதங்களுக்குப் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் கொடுக்க நிறுவனம் யோசிக்கிறது. அந்தப் பேச்சு தங்கள் திட்டத்தைப் பிரதிபலிக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது.

அந்தப் பன்னிரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1998இல் போட்ட ஒப்பந்தத்திலிருந்து. நிறுவனம் ட்ரால்டெக், நோக்கியா, டிஜியா, க்யூட் கம்பெனி என்று கைமாறிக்கொண்டே வந்தபோதும் அந்த ஒப்பந்தம் கூடவே வந்தது. அதைத் தாண்டினால் எல்லாமே பிஎஸ்டியில் வெளியே போய்விடும் என்ற அச்சமே அவர்களை எல்லைக்குள் வைத்திருக்கிறது. உரிமம் ஏற்கனவே வெளியான பதிப்பைத்தான் காக்கும். நாளை வரப்போகும் பதிப்பை எந்த உரிமத்தாலும் காக்க முடியாது, ஏனென்றால் பதிப்புரிமை வைத்திருப்பவர் அடுத்த பதிப்பை வேறு உரிமத்தில் வெளியிடலாம். அந்த இடைவெளியை அடைத்தது அந்தச் சின்ன அறக்கட்டளை. ஒரே நிறுவனத்தின் கையிலிருக்கும் டூல்கிட்டின்மேல் வீடு கட்டுகிறவர்கள் உரிமக் கோப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இப்படியொரு ஒப்பந்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தளர்வான உரிமங்கள்

இவ்வளவு தலைவலி எதற்கு, எம்ஐடி உரிமத்தில் போட்டுவிட்டுப் போகலாமே என்று ஒரு தலைமுறையே முடிவெடுத்திருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். என் பெயரையும் இந்த வாசகத்தையும் நீக்காதே, ஏதாவது கெட்டால் என்னைக் கேட்காதே, மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்துகொள். பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹூட் எழுதிய டிகே டூல்கிட் இப்படித்தான் வந்தது. பைத்தான் நிறுவினால் கூடவே வரும் டிகின்டர் அதன்மேல் நிற்கிறது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அதற்கு உரிமச் சண்டை எதுவும் பெரிதாக வந்ததில்லை.

தளர்வான உரிமம் செய்யக்கூடிய அரிய நன்மை ஒன்று, இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்கள் திரையிலேயே இருக்கக்கூடும். 'கொ' என்று தட்டச்சு செய்தால் கணினி சேமிப்பது 'க'வையும் ஓர் உயிர்க்குறியையும். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னால், கால் பின்னால் என்று நிற்க வேண்டும். 'கு', 'டி' போன்றவை வடிவம் மாறி ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் செய்கிற நிரல்களில் முதன்மையானது ஹார்ஃப்பஸ். அது பிறந்தது ஃப்ரீடைப் என்ற எழுத்துருத் திட்டத்தில் இருந்த ஒரு நிரலிலிருந்து. அந்த நிரலை க்யூட் ஒரு பக்கமும், எழுத்துகளை அடுக்க ஜிடிகே பயன்படுத்தும் பாங்கோ என்ற லைப்ரரி இன்னொரு பக்கமும் எடுத்துத் தனித்தனியாக வளர்த்தன. உரிமத்தால் பிரிந்த இரண்டு முகாம்களும் ஒரே தமிழ் எழுத்துக்கு இரண்டு முறை உழைத்துக்கொண்டிருந்தன. பிறகு அந்த இரண்டு கிளைகளையும் ஒன்றாக்கி எம்ஐடி வகை உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். அந்த உரிமத்தில் இருந்ததால்தான் க்யூட்டும் எடுத்துக்கொள்ள முடிந்தது, பாங்கோவும் எடுத்துக்கொள்ள முடிந்தது, ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆஃபீஸ் என்று எல்லாவற்றுக்குள்ளும் நுழைய முடிந்தது. ஒரு மொழியின் எழுத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சரியாகத் தெரிய வேண்டும் என்பது நோக்கமானால் கதவை அகலமாகத் திறந்து வைப்பதே முறை. இதை எழுதும்போது அந்த முடிவை எடுத்தவர்களிடம் எனக்கு மனமார்ந்த நன்றி எழுகிறது.

ஜிபிஎல்லைத் தந்த ரிச்சர்ட் ஸ்டால்மனே இதை ஒப்புக்கொண்டவர். ஆக் வார்பிஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவம் எம்பி3க்கு மாற்றாகப் பரவ வேண்டும் என்பதற்காக அதன் லைப்ரரிகள் 2001இல் எல்ஜிபிஎல்லிலிருந்து பிஎஸ்டிக்கு மாறியபோது அவர் அதை ஆதரித்தார். லைப்ரரிகளுக்கு அவர் தரப்பு வைத்திருக்கும் அளவுகோலும் யோசிக்கத்தக்கது. உன் லைப்ரரி செய்வதைச் செய்ய வேறு லைப்ரரிகள் தாராளமாக இருந்தால் எல்ஜிபிஎல்லில் வை, ஜிபிஎல் வைத்தால் எல்லோரும் மற்றதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உன்னிடம் மட்டுமே உள்ள திறமை என்றால் ஜிபிஎல்லில் வை, அது வேண்டும் என்பவர் கட்டற்ற மென்பொருளின் பக்கம் வருவார். ரீட்லைன் என்ற லைப்ரரி ஜிபிஎல்லில் இருந்ததால் சிலிஸ்ப் என்ற மொழிச்செயலி 1992இல் தன் உரிமத்தை ஜிபிஎல்லுக்கு மாற்றிக்கொண்டது. அந்த உத்தி பலித்த இடம் அது. சி மொழியின் அடிப்படை லைப்ரரியை அவர்களே எல்ஜிபிஎல்லில் வைத்தார்கள். அதற்கு மாற்றுகள் ஏராளம்.

தளர்வான உரிமத்துக்குள்ளும் ஒரு கண்ணி உண்டு, அது காப்புரிமை. பதிப்புரிமை எழுதிய வாசகத்தைக் காக்கிறது. காப்புரிமை அதன் பின்னாலுள்ள உத்தியைப் பூட்டுகிறது. எம்ஐடி உரிமம் காப்புரிமை பற்றி வாய்திறந்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. 2004இல் வந்த அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு தளர்வான உரிமம் சொல்கிறது: பங்களித்தவர் ஒவ்வொருவரும் தன் பங்களிப்புக்குத் தேவையான காப்புரிமை அனுமதியையும் தருகிறார், அந்த மென்பொருள் தன் காப்புரிமையை மீறுகிறது என்று வழக்குப் போடுகிறவருக்கு அவர் பெற்ற காப்புரிமை அனுமதி போய்விடும். ஃபேஸ்புக் தன் ரியாக்ட் லைப்ரரிக்கு பிஎஸ்டியோடு தானே எழுதிய காப்புரிமைப் பின்னிணைப்பு ஒன்றைச் சேர்த்திருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை அதைத் தன் திட்டங்களில் சேர்க்கத் தடை விதித்தது. வேர்ட்பிரஸும் விலகப்போவதாகச் சொன்னது. செப்டம்பரிலேயே ரியாக்ட் எம்ஐடிக்கு வந்துவிட்டது. சொந்தமாக எழுதிய வாசகம் இன்னொரு முறை தோற்ற இடம்.

ஆக, இன்று ஒருவர் தன் டூல்கிட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தால் நான் என்ன சொல்வேன்? அது தமிழ்ச் சொல்பகுப்பி, எழுத்துரு இணைப்பான், கோப்பு வடிவம் படிக்கும் லைப்ரரி போன்று எங்கும் பரவ வேண்டிய ஒன்றென்றால் அப்பாச்சி 2.0 என்பேன். ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பில் மட்டும் பூட்டப்பட்ட நிரலோடு அது சேராது, மூன்றாம் பதிப்போடு சேரும். அந்தப் பழைய நிரல்களோடு சேர வேண்டிய தேவை இருந்தால் எம்ஐடி. டூல்கிட் பெரியது, அதைத் திருத்துகிறவர்கள் திருத்தத்தைப் பூட்டிவைத்துவிடக் கூடாது, ஆனால் மேலே யார் வேண்டுமானாலும் கட்டட்டும் என்றால் எல்ஜிபிஎல்லை எடுத்து, பைனரிக்கான விதிவிலக்கையும் சேர்க்கச் சொல்வேன். டூல்கிட்டை விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்றால் ஜிபிஎல்லும் வணிக உரிமமும். அப்போது க்யூட் அறக்கட்டளையைப் போன்ற ஓர் உறுதிமொழியை முதல் நாளே எழுதிக் கொடுக்கும்படி கெஞ்சியாவது கேட்பேன். உரிமமே வைக்காமல் மூலநிரலைப் பொதுவில் போட்டுவைப்பது எல்லாவற்றிலும் மோசம். சட்டப்படி அதை யாரும் தொட முடியாது. நல்ல மனத்தோடு போடப்பட்ட எத்தனையோ தமிழ் நிரல்கள் அந்த ஒரு கோப்பு இல்லாமல் கிடக்கின்றன.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு விஎல்சியின் அனுபவத்தைச் சொல்வேன். அந்த ஒளிக்கோப்பு இயக்கியின் அடித்தள லைப்ரரி ஜிபிஎல்லில் இருந்தது. மற்ற செயலிகளும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக 2011இல் எல்ஜிபிஎல்லுக்கு மாற்றத் தொடங்கினார்கள். பதிப்புரிமை ஒரே கையில் இல்லை, எழுதிய ஒவ்வொருவரிடமும் இருந்தது. ழான்-பத்திஸ்து கெம்ஃப் நூற்றுக்கணக்கான பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்டார். படித்துக்கொண்டிருந்தபோது எழுதியவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், மின்னஞ்சல் முகவரிகள் செத்துப்போயிருந்தன. உங்கள் டூல்கிட்டுக்கு இரண்டாவது பங்களிப்பாளர் வரும்முன் உரிமத்தை முடிவு செய்துவிடுங்கள். வந்துவிட்டால் அவர் பெயரையும், எந்த உரிமத்தில் தருகிறார் என்ற ஒரு வரிச் சம்மதத்தையும் அன்றைக்கே எழுதி வாங்கி மூலநிரலோடு வையுங்கள்.